வாத்தியார் விழுந்தார்

— அதெப்படிண்ணே நீ விழுவ? ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே சவரம் பண்ற ஆளு!

— கால் நடுங்கிடுச்சுடா பிவா. விடு.

— விட்டல சாமி! கேட்டியா இந்தக் கதைய? அண்ணே, முதுகு வளையாத என்னையே யோகா பரீட்சையில தேத்திவிட்ட. காது கேக்காத நம்ம தோண்டுப் பய கூடப் பாஸு. சொல்லிக்குடுத்த கொண்டிபா வாத்தியார் மட்டும் ஒத்தக் கால்ல நிக்கிற மர ஆசனத்துல தொபுக்கடீர். எல்லாரும் சிரிக்கிறானுங்க.

— சிரிக்கட்டும். வெயில் ஏறுது, அந்த விரிப்பச் சுருட்டு.

— சுருட்டுறேன், சுருட்டுறேன். பாஸ் பண்ணவனுக்குத் தண்டனையில மூணு மாசம் கழிவு. நீயும் ஒழுங்கா நின்னிருந்தா இந்த வாரமே ரெண்டு பேரும் ஒண்ணா ஜெயில் கேட்டத் தாண்டியிருக்கலாம். ஆரஞ்சு பறிக்கிற நேரத்துக்கு உன் தோட்டத்துல இருந்திருப்ப.

— நீ போய்ப் பறி.

— வயித்தெரிச்சலக் கிளப்பாத! பரீட்சைக்கு வந்த ஐயா நல்ல மனுஷன். இன்னொரு தரம் நில்லுப்பான்னாரு. நீ என்ன சொன்ன?

— போதும் சாமின்னேன்.

— அதான்! நிசமா கால் நடுங்கினவன் அப்படிச் சொல்லமாட்டான். வேணும்னே விழுந்திருக்க.

— மெதுவாப் பேசுடா. வார்டர் காதுல விழுந்தா வம்பு.

— ஆகா, புரிஞ்சுபோச்சு! நீ போயிட்டா இங்க சொல்லிக்குடுக்க நாதியில்ல. வகுப்ப மூடிடுவாங்க. அடுத்து வர்றவனுக்குக் கழிவும் கிடையாது, ராத்திரித் தூக்கமும் கிடையாது. அதுக்காக நீ உள்ளயே... அண்ணே, காலக் காட்டு, தொட்டுக்கறேன்.

— சீ, எந்திரி. கால விடு.

— இது சேவை இல்லாம வேற என்னவாம்?

— மண்ணாங்கட்டி. ஊருக்கு உழைக்கிற பெரிய மனுஷனா நானு? வெளிய போகணும்னு உன்னவிட எனக்குத்தான் ஆசை. என் பொண்டாட்டி கையால சோள ரொட்டி தின்னு எத்தன வருஷம் ஆச்சு!

— அப்புறம் எதுக்குய்யா விழுந்த?

— நாளைக்குப் புது ஆளுங்களக் கொண்டாறாங்கல்ல, அதுல என் மவன் இருக்கான்.

— யாரு, கிஸனா? அண்ணி கூட மனுப் போட்டு உன்னப் பார்க்க வருவானே, அந்தப் பயலா?

— அவனேதான். வாய்க்கால் தண்ணித் தகராறு. பக்கத்துத் தோட்டக்காரன் மண்டையில மம்பட்டியால போட்டுட்டான். ஆளு செத்துட்டான். நான் செஞ்ச அதே பாவம். கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அது அப்படியே அவனுக்கும் வந்திருக்கு. மூச்ச இழுத்து விடக் கத்துக்கிட்டப்புறம்தான் எனக்கு அடங்குச்சு. இங்க எவனாவது சீண்டுனா மறுபடி கைய ஓங்கிடுவான்டா. அதுக்குள்ள அவன உக்கார வெச்சுச் சொல்லித்தரணும். மத்தவனுங்களும் கூட உக்காரட்டும், நல்லதுதான்.

— விட்டலா... மவனும் உள்ள, புருஷனும் உள்ள. அண்ணி வாசலையே பார்த்துக்கிட்டு இருக்குமே! நான் வெளிய போனதும் என் கையத்தான் வந்து புடிக்கும். இவரு வேணும்னே விழுந்தாருன்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்தப் பொம்பள நெஞ்சு வெடிச்சிடாதா?

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— மவனுக்குத் தீர்ப்பு வந்த மறுநாள் மனுப் பார்க்க வந்தா. கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதா. விழுந்துடுங்கன்னு சொன்னதே அவதான்டா.