இரண்டாம் பெட்டியில் படிந்த வெள்ளைத் தூள்

எனது பெயர் காசிம் அபூதாஹிர். வயது 54. வசிப்பிடம் கிண்ணியா. திருகோணமலைத் துறைமுகப் பக்கமுள்ள ஐஸ் தொழிற்சாலையில் மின்பகுதி மேற்பார்வையாளர். யாரும் கூப்பிடாமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தனான்.

இறந்தவர் பாலையூற்றைச் சேர்ந்த சிவரூபன், வயது 36, எனக்குக் கீழே வேலை செய்த மின் தொழிலாளி. என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

பதினோராயிரம் வோல்ட் கேபிள்கள் வந்து சேரும் அறையில், இரண்டாம் பெட்டியில், மூன்று கேபிள் முனைகளில் ஒன்றில் மட்டும் பெப்ரவரி தொடக்கம் வெள்ளைத் தூள் படிந்தது, கிட்டப்போனால் உஸ் என்ற சத்தமும் கேட்டது. கடற்காற்று உப்பு என்று நான் சொன்னனான். அதன் பிறகு மாதாமாதம் மின்சாரம் நிறுத்தும் நாளில், பொறியியலாளர் பார்க்க வருமுன் நானே அதைத் துணியால் துடைத்துவிடுவேன். ஊத்தையாகக் கிடந்தால் மேற்பார்வையாளருக்குத்தானே வெட்கம். அவர் டோர்ச் அடித்துப் பார்த்துக் கையொப்பம் வைத்துப் போவார்.

சிவரூபன் ஒருநாள், "நானா, உப்பெண்டால் மூண்டு முனையிலயும் படியோணுமே, இதில மட்டும் ஏன்?" என்று கேட்டார். "ஓ, பெரிய இஞ்சினியர் வந்திட்டார்" என்று பகிடி பண்ணினனான். அது உப்பில்லையாம். மின்சாரம் சின்னச் சின்னப் பொறியாகக் கசிந்து கேபிளின் பிளாஸ்டிக் உறையைக் கறையான் மாதிரித் தின்னும்போது விழுகிற தூளாம். விபத்துக்குப் பிறகுதான் பொறியியலாளர் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தை நான் துடைத்துத் துடைத்து மறைத்திருக்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, சத்தம் கூடிவிட்டதென்று சிவரூபன் வந்து சொன்னார். அதன் பிறகு "கரண்டை நிப்பாட்டிப்போட்டுத் திறக்கட்டா?" என்று கேட்டார். நிறுத்தினால் ஐஸ் கரையும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல ஏலாது. "நிப்பாட்டத் தேவையில்லை, சும்மா திறந்து பாருங்க" என்றனான். அவர் போனார். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வெடித்தது. யா அல்லாஹ், ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகம் கருகி, யாரென்று எனக்கு மட்டுக்கட்ட ஏலாமல் இருந்தது.

சிவரூபன் யாரிடமும் கேட்காமல் பெட்டியைத் திறந்ததாக நிறுவன அறிக்கையில் எழுதினார்கள். பயத்தில் நான் அதற்குக் கையொப்பம் வைத்தனான். அதன் பிறகு செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி புஸ்பராணி, "அண்ணை, இவர் ஏன் உங்களிட்டக் கேக்காமல் திறந்தவர்?" என்று அழுதார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கேட்டவர். நான்தான் திறக்கச் சொன்னனான். புஸ்பராணியின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு நெஞ்சில்லை. நீங்கள் இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, முழுவதும் உண்மை.

(ஒப்பம்) கா. அபூதாஹிர்