சின்னக் குழாயின் மூடி

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் நாத்தனாருடனும் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பல்கலைக்கழக வானாய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கருவிப் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கண் பாதிக்கப்பட்டது குறித்துப் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல என்று இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொன்னதன் பேரில், ஆய்வாளர் விசாரிக்க, பின்வருமாறு சொல்கிறேன்.

வானாய்வுக்கூடம் அறிவியல் கட்டடத்தின் மொட்டைமாடியில் உள்ளது. ஆராய்ச்சி மாணவர்கள் இப்போது வேறு இடத்துப் பெரிய தொலைநோக்கிகள் எடுக்கும் படங்களைக் கணினியிலேயே வாங்கிக்கொள்வதால், எங்கள் கூடத்துக்கு மாதம் ஒருவர் ஏறி வந்தாலே அதிகம். சென்ற ஆண்டுக் கடைசியில் கூடத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் குளிர்சாதன எந்திரங்களை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அப்போது, பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டால் மூட மனம் வராது என்று துறைத் தலைவரிடம் யோசனை சொன்னது நான்தான். அவர், "நீங்களே எழுதிக் கொண்டாங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் எழுதினேன். அதில் பாதுகாப்புக்கென்று பதினோரு விதிகளையும் நான்தான் எழுதினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சூரியனைக் காட்டினோம். பெரிய தொலைநோக்கியின் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தியிருக்கும்; அதில் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதன் பக்கத்திலேயே, குறிபார்ப்பதற்கென்று முழங்கை நீளத்தில் இன்னொரு தொலைநோக்கி உண்டு. அதைச் சின்னக் குழாய் என்போம். அதற்கு வடிகட்டி கிடையாது. சூரியனைக் காட்டும் நாட்களில் அதன் வாயை மூடி போட்டு மூடியே வைக்க வேண்டும். இது என் விதிகளில் நான்காவது.

முதல் மூன்று சனிக்கிழமைகள் நல்லபடியாக நடந்தன. பொதுமக்களில் ஒருவராக வந்த தையற்கடைக்காரர் சூரியனில் இருந்த கரும்புள்ளியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது அங்கயேவா இருந்துச்சு" என்று கேட்டார். அதை நான் வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவர், இத்தனை வருடத்தில் நான் வேலையைப் பற்றிச் சிரித்துப் பேசியது அன்றுதான் என்றார்.

நான்காவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கூடத்தைத் திறந்தேன். சின்னக் குழாயின் லென்ஸில் பூஞ்சை படிந்ததுபோல் இருந்ததால் மூடியைக் கழற்றி மேலங்கியின் வலது பையில் போட்டுக்கொண்டு, லென்ஸைத் துடைத்தேன். அப்போது துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து, புகைப்படம் எடுப்பவர் வருகிறார், இருக்கைகளை ஒழுங்குபடுத்துங்கள் என்று தொலைபேசி வந்தது. கீழே போனேன். அதன் பிறகு மூடியை நான் மறந்துவிட்டேன்.

பத்தேகால் மணிக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஓர் ஆசிரியையோடு பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். ஓட்டுநரும் கூடவே மாடி ஏறி வந்தார். வண்டியை எடுக்கும் முன் மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பார்ப்பாராம். அதனால் பிள்ளைகள் அவரைப் பிரேக் மாமா என்று கூப்பிட்டார்கள். அவர் வரிசைக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டு என்னிடம், "அக்கா, எனக்கும் ஒரு தடவை காட்டுவீங்களா? சூரியனைப் பார்க்கத்தான் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன், பார்க்காம போனா கேலி பண்ணுவா" என்றார். நான், "பிள்ளைங்க முடிக்கட்டும், கடைசியா நீங்க" என்றேன்.

அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். முப்பது பேர் முடித்திருப்பார்கள். புகைப்படம் எடுப்பவர் என்னைப் பெரிய தொலைநோக்கியின் மேல் கைவைத்து நிற்கச் சொன்னார். நான் நின்றேன். அந்த நேரத்தில் ஓட்டுநர் மறுபக்கத்திலிருந்து குனிந்து சின்னக் குழாயில் பார்த்தார். அவர் தலையைச் சட்டென்று இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கை தானாகப் பைக்குள் போனது. மூடி கையில் தட்டுப்பட்டது.

யாரும் பார்க்காதபோது மூடியை எடுத்துக் குழாயில் மாட்டினேன். ஓட்டுநரிடம் போய், "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, பளீர்னு அடிச்சுது. உடனே கண்ணை எடுத்துட்டேன்" என்றார். "வலிக்குதா?" என்றேன். "வலி இல்ல" என்றார். நான், "தண்ணி விட்டுக் கழுவிக்குங்க" என்று தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினேன். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதும், பார்வை மங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்பதும், கழுவுவதால் பயன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளை முடித்த பிறகு, ஒப்புக்கொண்டபடி அவருக்குப் பெரிய தொலைநோக்கியில் சூரியனைக் காட்டினேன். "நடுவுல புள்ளி பெருசா இருக்கே" என்றார். அன்று சூரியனின் நடுவில் புள்ளி எதுவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். நான் கீழே வாசல் வரை வந்தேன். பிள்ளைகள் ஏறும்போது ஆசிரியை எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். ஓட்டுநர் மூன்று முறை பிரேக்கை மிதித்தார். வண்டி நகர்ந்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை ஆசிரியை சொல்லி அறிந்தேன். பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் சூடாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வேறு ஓட்டுநரை வரவழைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை கண் மருத்துவர் பார்த்து, விழித்திரையின் நடுப்பகுதி எரிந்துவிட்டது, இதற்கு மருந்து இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஓட்டுநருக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணை நம்பித்தான் வண்டி ஓட்டியிருக்கிறார். உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

அந்த வாரம் துறைத் தலைவர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். "மூடி போட்டுத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். பிறகு அவரே, "போட்டிருந்தது, அவர்தான் கழட்டியிருக்கணும். அப்படித்தானே?" என்றார். நான், "ஆமாங்க" என்றேன். அதையே விசாரணைக் குழுவுக்கும் எழுதிக் கையெழுத்திட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. ஓட்டுநர் அனுமதியின்றிக் கருவியைத் தொட்டுத் தன் கண்ணுக்குத் தானே சேதம் செய்துகொண்டார் என்று குழு முடிவு செய்தது. அதைக் காட்டிப் பள்ளியும் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவர் மனைவி துவைத்த துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் என்னை நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "உங்க முகம் இருக்கற இடத்துல அழிச்ச மாதிரி இருக்குக்கா. காது ரெண்டும் நல்லா தெரியுது" என்று சிரித்தார். அதன் பிறகு குழுவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "மூடியைக் கழட்டுன மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா படிச்சவங்க எழுதியிருக்காங்க, கழட்டித்தான் இருப்பேன்போல. ராத்திரி படுத்தா, நான் கழட்டற மாதிரியே இப்பல்லாம் தோணுது" என்றார்.

அப்போது நான் நடந்ததைச் சொன்னேன். மூடி என் பையில் இருந்ததையும், அவர் தலையை இழுத்துக்கொண்டதைப் பார்த்ததையும் சொன்னேன். அவர் குழுவின் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "கண்ணு போனது போகட்டும், கைதவறி நடந்தது. வண்டியை எடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. உள்ள பிள்ளைங்க இருந்தாங்களே" என்றார். அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீங்க போய் உண்மையை எழுதிக் கொடுத்தா லைசென்ஸ் திரும்பி வருமா?" என்று கேட்டார். "வராது" என்றேன். "அப்ப கிளம்புங்க" என்றார். கிளம்பினேன்.

மறுநாள் துறைத் தலைவரிடம், நான் எழுதியதை மாற்றப் போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "இப்ப சொல்லி யாருக்கு என்னம்மா ஆகப்போகுது? கூடத்தையும் மூடியாச்சு" என்றார். பல்கலைக்கழக வழக்கறிஞர், ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டுமே நிற்காது, குழுவின் முடிவு அப்படியேதான் இருக்கும் என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். தொலைநோக்கியைப் பிரித்துப் பெட்டிகளில் அடைக்கும் வேலை எனக்குத்தான் தரப்பட்டது. நேற்று மாலை முடித்தேன். பதிவு செய்து காத்திருந்த பத்தொன்பது பள்ளிகளுக்கும், பராமரிப்புக் காரணமாக வருகைகள் நிறுத்தப்பட்டுள்ளன என்று கடிதம் போயிருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

எழுதப்பட்டதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். ஓட்டுநரை எச்சரிக்காதது பற்றி வந்த இடத்தில், "கவனக்குறைவால் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று இருந்தது. அது சரியல்ல, மூடியை மறந்ததுதான் கவனக்குறைவு, இதை நான் தெரிந்தே சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன். ஆய்வாளர், அப்படி எழுதினால் உங்களுக்குத்தான் பாதகம் என்றார். தெரியும் என்றேன். அந்த வரி அடிக்கப்பட்டது. அடித்ததற்கு ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அவை உண்மை. யாருடைய தூண்டுதலும் இல்லை.

(ஒப்பம்)
கருவிப் பராமரிப்பாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர்