யாரும் உட்காராத நாற்காலி

ஒரு நாற்காலியின் வயது தெரிய வேண்டுமென்றால் முதலில் அதைக் கவிழ்த்துப் போட வேண்டும், ஐயா. மேலே தெரிவதெல்லாம் வேஷம். கால் வளைந்திருந்தால் பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி, நேராக வரிவரியாக இறங்கினால் பதினாறாம் லூயி பாணி என்று பழஞ்சாமான் விற்கும் எங்கள் அத்தாரீன் தெருவில் தேநீர் விற்பவன்கூடச் சொல்வான். அது பாணி மட்டும்தான். வயது அடியில் இருக்கிறது. ரம்பம் போன தடம், பழைய ஆணி ஓட்டைகள், உள்ளே அடைத்த குதிரைமயிரின் நாற்றம்.

என் பெயர் வகீஹ். அலெக்சாந்திரியாவில் முப்பது வருடமாக நாற்காலிகளுக்கு மெத்தை வைத்துத் தைக்கிறேன். ஒருமுறை பழைய மரம், பழைய ஆணி, பழைய குதிரைமயிர் எல்லாம் தேடிப்பிடித்து ஒரு பதினாறாம் லூயி நாற்காலியைச் செய்தேன். பழஞ்சாமான்களின் வயதை மதிப்பிடும் டாக்டர் நசீம் தெருவே பார்க்க அதைக் கவிழ்த்தார், தடவினார், நாய் மாதிரி முகர்ந்தார்.

"எல்லாம் சரிதான் உஸ்தாத். ஆனா இதுல ஒருத்தரும் உக்காந்ததே இல்லியே. கை வைக்கிற எடத்துல கை இல்ல, தலை சாய்க்கிற எடத்துல தலை இல்ல. உம்ம நாற்காலிக்கு இன்னும் கல்யாணமே ஆகலய்யா."

தெரு சிரித்தது. எவனோ செத்தவனின் வியர்வையும் தலை எண்ணெயும் படிந்திருந்தால்தான் இந்தப் பெரிய மனிதர்களுக்கு இனிக்கிறது. சுத்தமான வேலையைத் தொடமாட்டார்கள். சரி, அழுக்குதானே வேண்டும் என்று அதே போல இன்னொன்று செய்தேன்.

என் மனைவி இறந்த பிறகும் அவள் அண்ணன் ஷாரூபீம் என் வீட்டில்தான் இருந்தார். டிராம் ஓட்டியவர். வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. கைகள் மட்டும் சும்மா இருக்காது, எதையாவது தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது.

"என்ன மாப்ள, ராஜா நாற்காலியில உக்கார வச்சுட்டு அவரைக்கொட்டையக் குடுக்குற? ஒரு கோழியாவது அடிக்கக் கூடாதா?" என்று முதல் வாரம் கேலி செய்தார்.

பதினான்கு மாதம் அதில் இருந்தார். சரிந்து விழுவாரே என்று மெத்தைக்கு அடியில் கட்டும் சணல் பட்டையால் இடுப்பைக் கட்டி, நாற்காலிக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். கைப்பிடியில் தங்கப்பூச்சு மெல்ல உதிர்ந்தது. தலை சாயும் இடம் கறுத்தது. வாசனையைச் சொல்லவே வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவேன். அவர் வாயிலிருந்து ஒழுகுவதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவ்வளவு அருவருப்பிலும் நான்தான் துடைத்தேன், வேறு யார் வந்தார்கள்?

பிறகு கேலி நின்றுவிட்டது.

"எறக்கி விடு மாப்ள. முதுகு வெந்து போச்சு. தரையில போட்டாலும் பரவால்ல."

இன்னும் கொஞ்ச நாள் என்றேன். நாற்காலியின் பின்பக்கம் அப்போதுதான் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பாலைவன அனல்காற்று வீசிய அந்த வாரம் தங்கத்தாள் வாங்க தமியாத் ஊருக்குப் போனேன். போன இடத்தில் ஐந்து நாள் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது மச்சான் போய்விட்டிருந்தார். முறைப்படி தேவாலயத்தில் பூசை வைத்துத்தான் அடக்கம் செய்தேன். அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டாயே என்று எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். உட்காரும் மெத்தையை மாற்றினேன். மற்றதைத் தொடவில்லை.

டாக்டர் நசீம் மறுபடி வந்து கவிழ்த்தார். கைப்பிடியின் அடியில் விரல் ஓட்டினார்.

"இதைப் பாருங்கய்யா. தலைமுறை தலைமுறையா யாரோ நகத்தால சுரண்டியிருக்காங்க. இதையெல்லாம் எவனாலயும் போலியா செய்ய முடியாது. நூறு வருஷத்துக்குக் கொறையாது."

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலியை நல்ல விலைக்கு வாங்கியவருடைய தையல்காரன் கைப்பிடித் துணியைப் பிரித்தபோது இடுக்கில் ஒரு முழு நகம் இருந்திருக்கிறது. அதைத்தான் இப்போது இந்த ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து மூடிவையுங்கள், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது.

ஆமாம், கட்டியது நான். கட்டை அவிழ்க்காமல் ஊருக்குப் போனதும் நான். தண்ணீர் ஜாடியைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்ததும் நான்தான், எட்டினால் வெல்வெட்டில் சிந்திவிடுவார். செய்ததை மறைக்கும் ஆள் இல்லை நான். ஆனால் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் அந்தக் கீறல்கள் மட்டும் என் வேலை இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.