கடைக்காரப் பொண்ணுக்குக் கதை கிடையாது

தாட்சாயிணி: “உன்ன ஜெயிக்கணும்னா இன்னா பண்ணணும்?”னு ஒருநாள் எங்கிட்ட கேட்டியே, ஞாபகம் கீதா இல்லியா?

நிர்மல்: நானா? எப்போ?

தாட்சாயிணி: பன்னெண்டாவது படிக்கசொல்லோ. தோ, அந்த மூலையில மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல உக்காந்துகினு. அப்ப இது பிரௌசிங் சென்டரு. இப்பத்தான் ஜெராக்ஸ் கடை.

நிர்மல்: ஐயோ... அதெல்லாம் இன்னும் மனசுல வெச்சிகினு கீறியா?

தாட்சாயிணி: பென்டிரைவ குடு மொதல்ல. எத்தினி காப்பி?

நிர்மல்: ஒண்ணு போதும். என் ஜாதகம். சாயங்காலம் வானகரத்துல பொண்ணு பாக்கப் போறோம்.

தாட்சாயிணி: ஓ.

நிர்மல்: இன்னா ஓ?

தாட்சாயிணி: ஓன்னா ஓதான்... பதினோரு பொண்ணுங்கள ஜெயிச்ச மாஸ்டருக்கே ஊட்ல பொண்ணு தேடுறாங்களான்னு பாத்தேன்.

நிர்மல்: கிண்டலா?

தாட்சாயிணி: அப்ப ஆவடி பசங்க பாதி பேரு உன்ன மாஸ்டர்னுதானே கூப்டானுங்க. அந்த ஜப்பான் பொம்மை கேமு... ஸ்கூல் டிரஸ்ல பதினோரு பொண்ணுங்க. ஒவ்வொருத்தியும் எதாச்சும் கேப்பா, கீழ மூணு பதில் வரும். சரியானத அமுக்குனா செவப்பு இதயம் ஒண்ணு ஏறும்.

நிர்மல்: தப்பா அமுக்குனா எறங்கிடும். பதினோரு பேரையும் முடிச்ச ஒரே ஆளு நான்தான், தெரியுமா?

தாட்சாயிணி: தெரியும். அத்த நெஜப் பொண்ணுங்ககிட்ட காட்டப் போயி...

நிர்மல்: வேணாம் தாட்சா.

தாட்சாயிணி: பருத்திப்பட்டு ஏரிக்கரை திருப்பத்துல...

நிர்மல்: வேணாம்னு சொல்றேன்ல.

தாட்சாயிணி: ...திருப்பத்துல மோதிகினா லவ்வு வரும்னு உங்க ஸ்கூல் நிஷா சைக்கிள் மேல போயி உழுந்தே பாரு! அவ டிபன் பாக்ஸ் சாம்பார் சாதம் மொத்தமும் உன் சட்டையில.

நிர்மல்: கேம்ல மோதுனா மூணு இதயம் ஏறும்!

தாட்சாயிணி: அவ திட்டுன திட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சாம். அத்தோட உட்டியா? மறுநாள் அவ முன்னாடி போயி, புதுசா பாக்குற மாதிரி, “ஹாய், உன் பேரு இன்னா?”ன்னு கேட்டே.

நிர்மல்: அது... முந்தின நாளு சேவ் பண்ணி வெச்ச எடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்.

தாட்சாயிணி: நீ ஆரம்பிச்சே. அவளுக்கு சாம்பார் சாதம் ஞாபகம் இருந்துச்சே!

நிர்மல்: சிரி, சிரி. என் பிரெண்டு அஜித்குமாரும் உன்ன மாதிரிதான் சிரிச்சான். அப்புறம் அவனே ஐடியா கேட்டு வந்தான்.

தாட்சாயிணி: “பொண்ணு கோவமா இருந்தா தலைய தடவிக் குடு”ன்னு சொல்லி அனுப்புனியே. அவனுக்கு வுழுந்த அறையில ஒரு வாரம் அந்தப் பக்கமா சோறு மெல்ல முடியல.

நிர்மல்: அவன் சீக்கிரமா தடவிட்டான். அது அஞ்சாவது இதயத்துக்கு அப்புறம் பண்ண வேண்டியது.

தாட்சாயிணி: தூ... இன்னும் கணக்கு சொல்றான் பாரு.

நிர்மல்: இன்னா நாளுங்க அதெல்லாம்... மழை பேஞ்சா கரண்டு போவும். உங்க நைனா மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு, “கரண்டு வர்ற வரைக்கும் டைம் ஓடாது, உக்காருங்கடா”ம்பாரு. இருட்டுல எல்லாரும் கதை பேசுவோம். நீ மட்டும் பேசவே மாட்டே.

தாட்சாயிணி: நான் இன்னா பேசுறது? நீங்கள்லாம் ஸ்கூல் கதை பேசுவீங்க. நான் ஒம்பதாவதோட நின்னவ. அந்தக் கேம்ல ஒரு கடைக்காரப் பொண்ணு வருவாளே, தலையில துணி கட்டிகினு பன்னு விப்பாளே... ஞாபகம் கீதா?

நிர்மல்: ம்.

தாட்சாயிணி: “இவ எத்தினியாவது? இவள எப்படி ஜெயிக்கிறது?”ன்னு நான் கேட்டேன். நீ திரும்பிக்கூட பாக்காம, “கடைக்காரப் பொண்ணுக்குக் கதை கிடையாது. பன்னு வாங்கலாம், அவ்ளோதான்”னுட்டே.

நிர்மல்: கேம பத்தி சொன்னேன்டி.

தாட்சாயிணி: நான் கல்லாவுல உக்காந்துகினு கேட்டுகினு இருந்தேன்.

நிர்மல்: தெரியும். அன்னிக்கு நீ மீதி சில்லறைய கைல குடுக்காம மேசை மேல வெச்சே. அதுக்கு அப்புறம்தான் உறைச்சுது. ரெண்டு நாள் யோசிச்சிட்டு வந்துதான், உன்ன ஜெயிக்கணும்னா இன்னா பண்ணணும்னு கேட்டேன்.

தாட்சாயிணி: இப்பதான் “நானா, எப்போ”ன்னே?

நிர்மல்: சும்மா சொன்னேன்... நீ இன்னா பதில் சொன்னேன்னு ஞாபகம் கீதா?

தாட்சாயிணி: “ஒன் அவர் ஆயிடுச்சு, எழுந்திரு.”

நிர்மல்: மூஞ்சில அடிச்ச மாதிரி.

தாட்சாயிணி: உனக்குப் பின்னாடி எங்க நைனா நின்னுகினு இருந்தாரு, லூசு! வேற இன்னா சொல்றது?

நிர்மல்: ...நெஜமாவா?

தாட்சாயிணி: கைல தொடப்பக்கட்டையோட.

நிர்மல்: அடப்பாவமே. நான் மறுநாள்லேர்ந்து நிஷா பேர சொல்லிகினு வந்தேன்.

தாட்சாயிணி: ஆமா. நிஷாவுக்கு இன்னா புடிக்கும், இன்னா புடிக்காதுன்னு தெனம் ஒரு கேள்வி. நானும் சொன்னேன்.

நிர்மல்: சொன்னே. எல்லாம் தப்பு. இலந்தவடைன்னே, அவளுக்கு அத்த பாத்தாலே குமட்டும். மஞ்ச ரிப்பன்னே, அவ தலைக்கு ரிப்பனே கட்ட மாட்டா. மழையில பஸ்ஸு லேட்டா வந்தா புடிக்கும்னே. அது யாருக்குப் புடிக்கும்? சொல்லு, யாருக்கு?

தாட்சாயிணி: பிரிண்டர் பேப்பர் மாட்டிக்கிச்சு. இரு.

நிர்மல்: மஞ்ச ரிப்பனு கட்டிகினு, வாயில இலந்தவடைய ஒதுக்கிகினு, நீதான் கல்லாவுல உக்காந்திருப்பே. ரெண்டாவது கேள்விக்கே தெரிஞ்சுபோச்சு.

தாட்சாயிணி: தெரிஞ்சா... அப்புறம் எதுக்கு பரீட்சை வரைக்கும் தெனம் வந்து கேட்டே?

நிர்மல்: கேட்டாத்தானே நீ பேசுவே.

தாட்சாயிணி: தோ, பேப்பர் வந்துடுச்சு.

நிர்மல்: அப்புறம் காலேஜுக்கு கோயமுத்தூரு, வேலைக்கு பெங்களூரு... இப்ப அம்பத்தூர் எஸ்டேட்லயே வேலை கெடச்சி வந்துட்டேன். பஸ்ஸு இந்தப் பக்கமா வர்றப்போல்லாம் உங்க கடை போர்ட பாப்பேன். உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்னே நெனச்சேன்.

தாட்சாயிணி: எங்க ஆவுறது? என் ஜாதகம் வெள்ளத்துல போயிடுச்சு. பொறந்த நேரம் அதுலதான் எழுதி இருந்துச்சு. எங்கம்மாவும் இல்ல, நைனாவுக்கு ஞாபகம் இல்ல. வர்றவங்கல்லாம் ஜாதகம் இல்லன்னதும் காபிய குடிச்சிட்டு எழுந்து போயிடுவாங்க.

நிர்மல்: நல்லதாப் போச்சு.

தாட்சாயிணி: இன்னாது?

நிர்மல்: ஒண்ணுல்ல... உங்க நைனா எத்திராஜ் அங்கிள் எங்க?

தாட்சாயிணி: உள்ள பேப்பர் படிச்சிகினு கீறாரு. இன்னிக்கு உனக்குப் பின்னாடி யாருமில்ல.

நிர்மல்: அப்ப கேக்கட்டா? வானகரத்துக்கு நான் போறதா, வேணாமா?

தாட்சாயிணி: இதுக்கு சேவ் பண்ற எடம் கெடையாது நிர்மலு. தப்பா அமுக்கிட்டு நாளைக்கு வந்து, “ஹாய், உன் பேரு இன்னா”ன்னு நிக்க முடியாது.

நிர்மல்: அதனாலதான் உங்கிட்ட கேக்குறேன். ஆறு மணிக்குக் காரு வருது. நீ போன்னா போறேன். எதாச்சும் சொல்லேன்.

தாட்சாயிணி: ...

நிர்மல்: சரி... வுடு. பதில் தெரிஞ்சுபோச்சு. பேப்பர குடு, நான் கெளம்புறேன்... கல்லாவ ஏன் தொறக்குறே? நான் இன்னும் காசே குடுக்கலையே. அடியில இன்னா தேடுறே?... தாட்சா? அத்த எடுத்துகினு உள்ள எங்க போறே? அது என் ஜாதகம்! தாட்சா!

எத்திராஜ்: இன்னாம்மா இது... கைல திணிச்சிட்டு நீ பாட்டுக்கு மாடிக்குப் போறே? ஏய்! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்... யாருப்பா வெளிய? நிர்மலா?

நிர்மல்: ஆமா அங்கிள்... அது என்னோடது. சாயங்காலம் வானகரத்துல பொண்ணு பாக்க...

எத்திராஜ்: வானகரமா? அந்த எடம் வேணாம்னு நீ போன மாசமே சொல்லிட்டியாமே. மார்க்கெட்ல உங்கம்மா கலைவாணி என்ன நிக்க வெச்சி அழுதுச்சு.

நிர்மல்: அங்கிள்... அது வந்து...

எத்திராஜ்: இரு, இரு. உன்னுதுக்கு அடியில இன்னொண்ணு கீது. பழசு... கண்ணாடி எங்க... இதுல என் கையெழுத்து கீதுப்பா. இது எம்பொண்ணு ஜாதகம்! வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொல்லித்தானே வந்தவங்கள எல்லாம் திருப்பி அனுப்புனா... இதுல ஒரு சொட்டுத் தண்ணி கூட படலயேப்பா!