வீரணன் சிகிச்சைக்காகப் பத்து மூட்டை ஏலக்காய் விற்ற விவரம்

அனுசியா, வயது 47, க/பெ. வீரணன், மேற்குத் தெரு, ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டம் என்பவர் கணவரின் தம்பி மகாராஜன் கொடுத்த திருட்டுப் புகார் குறித்துச் சார்பு ஆய்வாளர் முன் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். என் கணவருக்கும் அவருடைய தம்பி மகாராஜனுக்கும் மலைமேல் பொதுவில் ஏலத்தோட்டம் உள்ளது. காய்ந்த சரக்கை எங்கள் வீட்டுப் பின்னறையில் மூட்டை போட்டு வைப்போம். மகாராஜன் எட்டாவது வரை படித்துவிட்டு எல்லாம் தெரிந்தவர். இதை அப்படியே எழுதிக்கொள்ளவும்.

சென்ற ஆவணி மாதம் என் கணவருக்குக் கழுத்தில் நெறி கட்டி வீங்கியதால் மதுரையில் சதை எடுத்துப் பார்த்ததில் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். அதன்பிறகு மருத்துவர் என் கணவர், மகாராஜன், நான் என எங்கள் மூவரையும் உட்காரவைத்து, வழக்கமான மருந்துக் கூட்டைக் கொடுத்தால் நூறில் எழுபது பேருக்கு இரண்டு வருடம் வரை நோய் திரும்புவதில்லை என்றும், அதில் ஒன்றை மாற்றிப் புது மருந்தைச் சேர்த்தால் எழுபத்தேழு பேர் என்றும், செலவு பல மடங்கு என்றும், அது காப்பீட்டில் வராது என்றும், ஆயுள் கூடுமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

அதன்பிறகு வீட்டுக்கு வந்ததும், படுத்திருந்த என் கணவரின் காதுபட மகாராஜன், "கட்டே நோய் விழுந்த ஏலத்தூருக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா மதினி? வெரசாப் பிடுங்கி எறிஞ்சாத்தான் பக்கத்துத் தூரு பொழைக்கும். ஏழு பேருக்காக இம்புட்டையும் கொட்டணுமா?" என்றார். தோட்டத்தில் அது சரியான முறைதான். கூடப் பிறந்தவனுக்கும் அதே முறையைச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். "அந்த ஏழு பேர்ல உங்க அண்ணன் இல்லைன்னு எந்தப் பூச்சிமருந்துக் கடைக்காரன் ஒமக்குச் சொன்னான்?" என்று கேட்டேன். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, பழைய மருந்தே போதும் என்றார்.

அதன்பிறகு மறுநாள் காலை பதினொரு மணிக்கு, எங்கள் பங்குக்கும் குறைவாகப் பத்து மூட்டை ஏலக்காயை வாடகை ஜீப்பில் ஏற்றிப் போடியில் விற்றேன். ஜீப்பு ஓட்டிய திருப்பதி சாட்சி. திருட வந்தவள் தெருவே பார்க்க வாசலில் ஜீப்பை நிறுத்தி லோடு ஏற்றமாட்டாள் என்பது புகார் எழுதியவருக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு ஊசி போடும் நாட்களில் அண்ணனைப் பார்க்க ஒருநாள்கூட மதுரைக்கு வராதவர், இந்த நிலையத்துக்கு மட்டும் மூன்று முறை வந்திருப்பதாக அறிகிறேன்.

எடுத்த சரக்கைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டீர்கள். அது புது மருந்தாகி இரண்டு தவணை ஊசியாக என் கணவர் உடம்பில் ஏறிவிட்டது. பிழைப்பாரா என்று எனக்கும் தெரியாது. மகாராஜனுக்கு வேண்டுமானால், மூன்றாவது ஊசி வெள்ளிக்கிழமை, வந்து அண்ணன் உடம்பிலிருந்து இறக்கிக்கொள்ளட்டும்.

மேலே உள்ளதைக் காவலர் அருள்மொழி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது இதுதான், இதில் பொய் ஏதுமில்லை, மாற்றிச் சொல்லவும் மாட்டேன்.

(ஒப்பம்) வீ. அனுசியா