கிருஷ்ணகிரி ரூட்டில் காலி இருக்கைகள்

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் ஆலை மேலாளர் திரு. மோகன்குமார் அவர்களே! இயந்திரங்களுக்குச் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, ஃபோர்க் லிஃப்டுக்குக்கூட வாழைக்கன்று கட்டி அழகு பார்த்திருக்கும் உற்பத்திப் பிரிவின் தோழர்களே, தோழியர்களே! பெற்ற பிள்ளைகளை இந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று இன்றைக்காவது கண்ணால் பார்த்துவிட வந்திருக்கும் பெரியோர்களே! பொரியையும் கடலையையும் மடியில் வைத்துக்கொண்டு, இந்த அம்மா எப்போது பேசி முடிப்பாள், எப்போது இலை போடுவார்கள் என்று பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் முகக்கவசம் இல்லாமல், முழு முகத்தோடும் முழு மனத்தோடும் வணங்குகிறேன்.

நான் ராஜலட்சுமி. கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பிறந்தது மதுரைப் பக்கம், பிழைப்பது ஓசூரில், குடியிருப்பது குருபரப்பள்ளியில். அங்கே சாலையோரம் என் வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருக்கிறார். என் குரல் உங்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பழக்கம். ‘கேக்குதா, கேக்குதா’ என்று கேட்டே எனக்கு இரண்டு வருடம் போயிற்று. இப்போது கேட்கிறதா? ஆங், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதாம். மகிழ்ச்சி!

தடைகளெல்லாம் தளர்ந்த பிறகு, குடும்பம் குடும்பமாக நாம் கூடுகிற முதல் ஆயுத பூஜை இது. போன தடவை நான் வீட்டிலேயே பூஜை போட்டேன். என் ஆயுதம் லேப்டாப்தானே? அதைத் துடைத்து, பூ வைத்து, நடு நெற்றியில் நிறையச் சந்தனம் அப்பினேன். மறுநாள் மீட்டிங். மேலாளர் கேட்கிறார்: “மேடம், உங்க வீட்ல எல்லாமே மஞ்சளா தெரியுதே, பெயின்ட் அடிச்சீங்களா?” நான் சந்தனம் வைத்த இடம் கேமரா! சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். இந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விழாக்குழுவினர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘மீண்டு வந்தோம்’. நல்ல தலைப்பு. நாவுக்கு இனிய தலைப்பு. ஆனால் நான் கேட்கிறேன், யார் மீண்டு வந்தோம்? எங்கே மீண்டு வந்தோம்? எல்லோரும் வந்தோமா? இனி அலுவலகம் வரலாம், விரும்பினால் வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று நிர்வாகம் அறிவித்தபோது, ஊரெல்லாம் ஒரே உணர்ச்சியா இருந்தது? ஒருவர் துள்ளினார், ஒருவர் துவண்டார். எங்கள் பிரிவில் ஒருவருடைய மனைவி, “எப்பங்க கிளம்புவீங்க, நாளைக்கேவா?” என்று ஆவலோடு கேட்டாராம். இன்னொருவர், “அக்கா, பழைய பேன்ட் ஒண்ணுகூட இடுப்புல ஏறலக்கா, எப்படி வர்றது?” என்று என்னிடமே அழுதார். பெயர் சொல்ல மாட்டேன். ஜெகதீஷ், நீ ஏனப்பா தலையைக் குனிந்துகொள்கிறாய்?

ஜெகதீஷைக் கேலி செய்தேன், ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனைவி பெங்களூரில் நர்ஸ். கைக்குழந்தை கிருஷ்ணகிரியில் இவரிடம். வீட்டில் இருந்து வேலை என்பது அவருக்குச் சௌகரியம் அல்ல, அவசியம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு? எங்களுக்கு அது சுகம். ஐயா, உண்மையைச் சொல்கிறேன், சுகம்தான்! அடுப்பில் குழம்பு, மடியில் லேப்டாப், அலைச்சல் இல்லை, அவசரம் இல்லை. அத்தனை சுகத்துக்கு நடுவிலும் இந்த நெஞ்சு எதற்காக ஏங்கியது?

சொல்கிறேன் கேளுங்கள். வீட்டில் நான் அம்மா. வீட்டில் நான் ‘ஏய்’. வீட்டில் நான் அண்ணி, மருமகள், டயர் கடைக்காரர் சம்சாரம். ராஜலட்சுமி என்று என்னை வாய் நிறையக் கூப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் அம்மா, அது இந்த இடம்! இரண்டு வருடம் என் பெயரை யாரும் என் எதிரில் நின்று கூப்பிடவில்லை. தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்குப் புரிகிறது. முன் வரிசையில் இருக்கிற ஆண்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

ஏங்கினேன்! கேன்டீனில் என் மதுரைக் குழம்புக்கும் ரேவதி வீட்டுக் கேழ்வரகுக் களிக்கும் நடக்கிற பண்டமாற்றுக்கு ஏங்கினேன். பஸ்ஸில் கன்னடப் பாட்டா, தெலுங்குப் பாட்டா, தமிழ்ப் பாட்டா என்று சூளகிரி வருகிற வரைக்கும் நடக்கிற சண்டைக்கு ஏங்கினேன். எந்தப் பாட்டும் போடாமல் டிரைவர் ரேடியோவை அணைத்துவிடுவாரே, அந்தக் கோபத்துக்கும் ஏங்கினேன்.

ரேவதி யார் என்று கேட்கிறீர்களா? அதோ, ஆய்வுப் பிரிவின் நீலச் சட்டையில், தூணை ஒட்டி நிற்கிறாளே, அவள்தான். குருபரப்பள்ளிக்காரப் பெண். தக்காளியும் மாங்காயும் விளைவிக்கிற குடும்பம். அப்பா வெங்கடப்பன் ஐயா, அம்மா மங்கம்மா, இருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு, டிவியில் பார்ப்பது கன்னடம், கோபம் வந்தால் திட்டுவது மட்டும் தமிழ்!

இரண்டாவது ஊரடங்கில் ஆலையே மூடிக் கிடந்தது நினைவிருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கம்மா கன்னடச் செய்தி கேட்டுவிட்டு மகளிடம் ஓடினார். “ரேவதி, நாளையிலிருந்து ஃபேக்டரி எல்லாம் தொறக்கறாங்களாம். டிவியில சொல்லிட்டான்.” ரேவதி என்னைக் கூப்பிட்டாள். நான் யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. தாகத்தில் இருப்பவன் தண்ணீரைச் சோதித்தா குடிப்பான்? மறுநாள் காலை சேலை கட்டி, பூ வைத்து, டிபன் பாக்ஸ் நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் போய் நின்றேன். அங்கே ரேவதி. அவளைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து மற்றொருவர். எல்லோருக்கும் முகக்கவசம். முகம் தெரியவில்லை ஐயா, கையில் இருந்த சாப்பாட்டுப் பையை வைத்துத்தான் யார் யாரென்று அடையாளம் கண்டுகொண்டோம்!

பஸ் வரவில்லை. போலீஸ்காரர் வந்தார்.

“என்னம்மா, கும்பலா நிக்கிறீங்க?”

“கம்பெனி பஸ்ஸுக்குங்க சார். இன்னிலேர்ந்து தளர்வு இல்லீங்களா?” என்றாள் ரேவதி.

“தளர்வா? எந்த சேனல்ல பாத்த?”

அவள் சேனல் பெயரைச் சொன்னாள். அந்த நல்ல மனிதர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்துவிட்டார். “அது அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட, கர்நாடகாவுக்கும்மா! நமக்கு இன்னும் சொல்லல. வூட்டுக்குப் போங்க.”

எல்லையில் குடியிருக்கிறவர்கள் செய்கிற பிழை இது. சென்னையில் இருப்பவர் செய்வாரா? திருச்சியில் இருப்பவர் செய்வாரா? நாம்தான் செய்வோம். நமக்குச் செய்தி ஒரு மாநிலத்திலிருந்து வரும், சட்டம் இன்னொரு மாநிலத்திலிருந்து வரும். சிரித்தீர்கள், நன்றாகச் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எல்லோரும் திரும்ப வேண்டியதுதானே? அப்போது ரேவதி என்னிடம் கேட்டாள்: “அக்கா, ஒரு நிமிசம் இப்படியே நின்னுட்டுப் போலாமா?”

நின்றோம். வராத பஸ்ஸுக்காக, வராது என்று தெரிந்தே நின்றோம். அந்தப் பெண்ணுக்கு அந்த பஸ் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மேடை கிடைத்தால் பேசிவிடுகிற பழக்கம் எனக்குப் பிறவியிலேயே வந்தது.

ஆலை திறந்தது. பஸ்ஸும் வந்தது. ஆனால் கிருஷ்ணகிரி ரூட்டில் பாதி இருக்கைகள் அலுவலகக்காரர்களுடையவை. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அத்தனை ஏங்கிய நானும் சுகத்துக்குப் பழகி வீட்டிலேயே இருந்துவிட்டேன். இருக்கைகள் காலியாக ஓடுகின்றன. இப்படியே இருந்தால் இந்த மாதத்தோடு அந்த ரூட்டை நிறுத்துவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. நிர்வாகத்தின் கணக்கு நிர்வாகத்துக்கு. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் பஸ் நின்றால் ரேவதி எப்படி வருவாள்? விரைவுப் பேருந்துகள் எங்கள் ஊரில் நிற்பதில்லை, மேம்பாலத்தில் ஏறிப் பறந்துவிடும். நிற்கிற பேருந்தைப் பிடித்து ஓசூர் வந்து, அங்கே இன்னொரு பேருந்து மாறி வருவதற்குள் இங்கே ஷிஃப்ட் தொடங்கிவிடும்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெங்கடப்பன் ஐயா நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அப்புறம் சொன்னார்: “ஏம்மா, பஸ்ஸு ஊரு முன்னாடி வந்து நிக்குது, சாயந்திரம் அங்கயே எறக்கி வுடுது. அதனாலதான் சரின்னேன். பஸ்ஸே இல்லன்னா, வயசுப் பொண்ண அந்த ஹைவேயில யாரை நம்பி நிறுத்துவேன்? இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டேன்.” கோபமாகச் சொல்லவில்லை. லாரிகள் பறக்கிற சாலையைப் பார்த்துக்கொண்டே, பயந்துதான் சொன்னார். பெற்றவர் பயத்தை நான் எப்படிப் பழிப்பேன்? பக்கத்தில் ரேவதி இந்த நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அவள் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்! அலுவலகத் தோழர்களே, தோழியர்களே! வீட்டில் இருந்து வேலை செய்ய நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை நல்ல உரிமை. அதைத் தந்த நிர்வாகத்துக்கு நன்றி. ஆனால் நாம் வீட்டில் அமர்ந்தால் நம் வேலை நம்மோடு வீட்டுக்கு வருகிறது. ரேவதியின் வேலை அவளோடு வீட்டுக்கு வருமா? அவள் சோதிக்கிற பிரேக் பாகம் அடுப்பங்கரைக்கு வருமா? நமக்கு ஒரு கதவு மூடினாலும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே கதவு, அது அந்த பஸ்ஸின் கதவு! நான் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் என் பழைய இருக்கையில் நான் இருப்பேன். முடிந்தவர்கள் மட்டும் வாருங்கள். முடியாதவர்கள்மேல் எனக்குத் துளிக்கூட வருத்தம் இல்லை. கிருஷ்ணகிரி ரூட்டில் வருகிற அலுவலகக்காரர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்களோ, யார் யார் வருவீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ம்.

அங்கே ஒரு கை. ஸ்டோர்ஸ் நாராயணப்பன் சார், வாழ்க நீங்கள். இந்தப் பக்கம் ஒன்று. அந்தக் கை… இல்லை, அது கொசு விரட்டுகிற கை. மேலாளர் அவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போதாது சார், எனக்கும் தெரிகிறது, இது ஒரு பஸ்ஸுக்குப் போதாது.

யாரது பின்னால் எழுந்திருப்பது? வெங்கடப்பன் ஐயாவா? ஐயா, சத்தமாகச் சொல்லுங்கள். மைக்கை அவரிடம் கொண்டுபோங்கள் தம்பி. வயர் எட்டவில்லையா? சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறேன்.

“கை தூக்காதவங்கள ஒண்ணும் சொல்லாதம்மா, அவங்க வூட்ல என்ன கஷ்டமோ” என்கிறார்.

“எம் பொண்ணு அன்னிக்கு ஏமாந்து திரும்பி வந்தான்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இன்னும் ஒரு நிமிசம் நின்னுட்டுப் போலாமான்னு கேட்டாங்கறது எனக்குத் தெரியாது” என்கிறார்.

ஐயா, சொல்லுங்கள், அழாமல் சொல்லுங்கள்.

“பஸ்ஸு வந்தா சந்தோசம். வரலைன்னா, தோட்டத்து வேலைய மங்கம்மா பாத்துக்கட்டும். நானே என் வண்டியில கூட்டியாந்து இந்த கேட்டுல வுடறேன். சாயந்திரமும் வந்து கூட்டிக்கினு போறேன். அவ வேலைய வுட வேணாம்” என்கிறார்!

மக்களே, எனக்கு இப்போது பேச்சு வரவில்லை. பேச்சு வராத ராஜலட்சுமியை நீங்கள் பார்த்ததே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ரேவதி, தூணை விட்டு வெளியே வாம்மா, உன் அப்பாவிடம் போ.

கைதட்டுகிறீர்கள். கூரை அதிரக் கைதட்டுகிறீர்கள். நல்லது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். லாரிகள் பறக்கிற அந்த நெடுஞ்சாலையில், வெயிலிலும் மழையிலும், அந்த மனிதர் தினமும் இரண்டு முறை மகளைப் பின்னால் உட்கார வைத்து மொபெட் ஓட்டப் போகிறார். அதற்காகவா தட்டுகிறீர்கள்? தட்ட வேண்டாம். தட்டுகிற அந்தக் கையை அப்படியே கொஞ்சம் மேலே தூக்குங்கள்!

தூக்குங்கள். ஆங். இன்னும். அங்கே, அங்கே, அந்த ஓரத்தில்… ஜெகதீஷ், நீ இரண்டு விரல் காட்டுகிறாயே, என்னப்பா? வாரத்தில் இரண்டு நாளா? வா ராசா, அந்த இரண்டு நாளும் உன் இருக்கை உன்னுடையதுதான்.

மேலாளர் அவர்களே, எண்ண வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் மட்டும் போதும்.

பேச இடம் தந்த விழாக்குழுவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. அனைவருக்கும் ஆயுத பூஜை வாழ்த்து. வணக்கம்! கைகளை இன்னும் இறக்காதீர்கள், சார் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.