நாலாவது பெட்டி

நிக்கோல்: ரெண்டாயிரமா? பெட்டி மேல போட்டிருக்கிற விலைக்கு மேலயா?

சுரேந்தர்: ஆமா மேடம். மேலதான்.

நிக்கோல்: கடைக்காரர் ஆயிரம்னு சொன்னாரே சார். "அக்ரஹாரத்துல சுரேந்தர்னு ஒருத்தர்கிட்ட ஒரு வீடியோ கேம் செட் இருக்கு, மேல ஆயிரம் குடுத்தா போதும்"னு அவரே அட்ரஸ் எழுதிக் குடுத்தாரு.

சுரேந்தர்: அது போன வாரம். இப்ப மைசூர்லயே சரக்கு இல்ல. பெங்களூர்லயும் இல்லையாம். அடுத்த லோடு தசரா கழிச்சுத்தான்.

நிக்கோல்: தெரியும் சார். அர்ஸ் ரோட்டுல ஏறி எறங்காத கடை இல்ல...

பாக்கியலட்சுமி: ஏனுங்க, யாரு வந்திருக்கறது? வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறீங்க! உள்ள வாங்க... நர்ஸுங்களா?

நிக்கோல்: ஆமாக்கா. டூட்டி முடிச்சு நேரா வர்றேன். பேரு நிக்கோல். இந்த வீடியோ கேம் விஷயமா...

பாக்கியலட்சுமி: அப்பாடா! உக்காருங்க சிஸ்டர். இதோ டிவிக்குக் கீழ இருக்குதே, அதுதான். எடுத்துட்டுப் போயிருங்க.

சுரேந்தர்: பாக்கியம், இரு. விலை பேசிட்டிருக்கேன்.

பாக்கியலட்சுமி: நல்லா பேசுனீங்க. நேத்து வந்தவருகிட்ட ஆயிரத்தைநூறுன்னீங்க. அவரு சரின்னாரு. ஒடனே ரெண்டாயிரம்னீங்க. அவரு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாரு.

சுரேந்தர்: மார்க்கெட் ஏறுதுல்ல...

பாக்கியலட்சுமி: ஒரு நிமிஷத்துலயா?

நிக்கோல்: சார், ஒண்ணு கேக்கலாமா? இது விக்க ஆரம்பிச்ச மொத நாள் லைன்ல நீங்க நின்னீங்களா?

சுரேந்தர்: நிக்காம? விடியறதுக்கு முன்னாடியே நின்னேன். சும்மா கெடைக்கல மேடம், அதுக்குத்தான் இந்தக் காசு. ஆளுக்கு ஒண்ணுதான்னுட்டாங்க. நான், என் தம்பி, மச்சான், மாமியார்... நாலு பேரு, நாலு பெட்டி. மூணு போயிருச்சு.

பாக்கியலட்சுமி: எங்கம்மாவ கொள்ளேகால்ல இருந்து பஸ் ஏத்திக் கூட்டியாந்தாரு சிஸ்டர். அவங்களுக்கு அது என்னன்னே தெரியாது. ஏதோ மிக்ஸி குடுக்கறாங்கன்னு நெனச்சு நின்னிருக்காங்க.

நிக்கோல்: பச்சைச் சேலையா? கொஞ்சம் குட்டையா... ஒரு முட்டியப் பிடிச்சுக்கிட்டே நடப்பாங்களா?

பாக்கியலட்சுமி: அவங்களேதான்! நீங்க எங்க பாத்தீங்க?

நிக்கோல்: எனக்கு முன்னாடி நின்னது அவங்கதான். கால் வலிக்குதுன்னாங்க. "நீங்க அந்தப் படியில உக்காருங்கம்மா, எடத்த நான் பாத்துக்கறேன்"னேன். கடைகிட்ட வந்ததும் நானே போய்க் கூட்டிட்டு வந்து முன்னாடி நிறுத்தினேன்.

பாக்கியலட்சுமி: அய்யோ, நல்லா இருப்பீங்க...

நிக்கோல்: கடைசிப் பெட்டி அவங்களுக்குக் கெடைச்சுது. அதோட ஷட்டர எறக்கிட்டாங்க.

பாக்கியலட்சுமி: ஏனுங்க. கேட்டீங்களா?

சுரேந்தர்: கேட்டேன்.

நிக்கோல்: நான் சண்டைக்கு வரல சார். ஆனா அதுல ஒண்ணு எனக்கு வந்திருக்க வேண்டியது. அதுக்கே இப்ப நான் மேல குடுக்கணும்ங்கறீங்க.

சுரேந்தர்: நான் வாங்கலேன்னா வேற ஒருத்தன் வாங்கியிருப்பான் மேடம். அந்த லைன்ல பாதிப் பேரு என்ன மாதிரி ஆளுங்கதான்.

பாக்கியலட்சுமி: அதுக்கு? சிஸ்டர், நீங்க ஆயிரமே குடுங்க.

சுரேந்தர்: பாக்கியம்!

பாக்கியலட்சுமி: புள்ளைக்கு வாங்கறீங்களா சிஸ்டர்?

நிக்கோல்: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலக்கா. அண்ணன் பையனுக்கு. கிளைவ்னு பேரு. பர்த்டே வருது.

சுரேந்தர்: எத்தன வயசு?

நிக்கோல்: ஆறு... ஏழு.

சுரேந்தர்: ஆறா, ஏழா?

நிக்கோல்: ஆறு முடிஞ்சு ஏழு.

சுரேந்தர்: அப்ப வேணவே வேணாம். கண்ணு கெட்டுரும். நீங்க ஆஸ்பத்திரியில வேல பாக்கறவங்க, நான் சொல்லணுமா? ஒரு கேரம் போர்டு வாங்கிக் குடுங்க.

பாக்கியலட்சுமி: விக்கறவரு பேசற பேச்சாங்க இது?

சுரேந்தர்: உள்ளதச் சொல்றேன். அதுவும் இந்த செட்ல கோளாறு இருக்கு. கேம் கேசட்ல குறுக்க ஒரு ஆறு ஓடுது. அத யாராலயும் தாண்ட முடியாது. கம்பெனி மிஸ்டேக்குன்னு நெனக்கறேன்.

நிக்கோல்: அது எப்படி உங்களுக்குத் தெரியும்? பெட்டியப் பிரிச்சிட்டீங்களா?

சுரேந்தர்: டெஸ்ட் பண்ண...

பாக்கியலட்சுமி: வந்த நாள்ல இருந்து டெஸ்ட்தான் சிஸ்டர்! இவரு ஹெப்பாள்ல ஃபேக்டரியில இருக்காரு. கம்பெனி பஸ்ஸு வந்து ஹார்ன் அடிக்குது, இவரு "இதோ, இதோ"ங்கறாரு. பஸ்ஸு போயிருச்சு. ஒரு நா இல்ல, ரெண்டு நா.

சுரேந்தர்: சரி, விடு...

பாக்கியலட்சுமி: விலைய ஏத்தறதே யாரும் வாங்கக் கூடாதுன்னுதான். எனக்குத் தெரியாதா?

நிக்கோல்: நிஜமா சார்?

சுரேந்தர்: ...மொத மூணும் கை மாறுச்சு, சந்தோஷமா இருந்துச்சு மேடம். இத மட்டும் யாராவது சரின்னு சொன்னா, வாய் தானா ஐநூறு ஏத்திருது.

நிக்கோல்: போட்டுக் காட்டுங்க. கோளாறான்னு நானே பாக்கறேன்.

சுரேந்தர்: எதுக்கு மேடம், ஒயரெல்லாம் கழட்டி...

பாக்கியலட்சுமி: மாட்டித்தான் இருக்கு. சுவிட்சப் போடுங்க.

சுரேந்தர்: சரி. இந்தாங்க ஜாய்ஸ்டிக். அந்தச் சிப்பாய்தான் நீங்க. இது எகிற, இது சுட. மெதுவா... மேல இருந்து கல்லு விழும், பாத்து... ஓ. தாண்டிட்டீங்க. இப்ப ஒரு வௌவால்... அதுவும் போச்சா? மேடம், அங்க குனியணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?

நிக்கோல்: கொஞ்சம் பேசாம இருங்க சார்.

பாக்கியலட்சுமி: வெரல் என்னமா ஓடுது பாருங்க!

சுரேந்தர்: மேடம்... இது கிளைவுக்குத்தானா?

நிக்கோல்: அவனுக்குத்தான்... அய்யய்யோ, செத்துட்டேன். பேச்சுக் குடுக்காதீங்கன்னேன்ல!

சுரேந்தர்: உங்க அண்ணன் எங்க வேல பாக்கறாரு?

நிக்கோல்: ...எனக்கு அண்ணனே இல்ல சார்.

பாக்கியலட்சுமி: என்ன சிஸ்டர்!

நிக்கோல்: ஸ்பெஷல் வார்டுல ஒரு பையன் கால் ஒடிஞ்சு ஒரு மாசம் படுத்திருந்தான். அவங்கப்பா வெளிநாட்டுல இருந்து இதே மாதிரி செட்டக் கொண்டாந்து ரூம்ல மாட்டினாரு. டூட்டி முடிஞ்சதும் போய் அவன்கூட உக்காந்துப்பேன். சிரிக்காதீங்க.

பாக்கியலட்சுமி: சிரிக்கல, சொல்லுங்க.

நிக்கோல்: அப்புறம் டிஸ்சார்ஜ் ஆயிட்டான். நல்லபடியா நடந்து போனான். எல்லாரும் கை ஆட்டினோம். எனக்கு மட்டும்... செட்டு போகுதேன்னு இருந்துச்சுக்கா. எனக்கு முப்பத்தொண்ணு வயசு. சம்பளம் வந்தா அம்மா மருந்து, தங்கச்சி காலேஜு. எனக்குன்னு ஆசப்பட்டது இது ஒண்ணுதான். கடையில எனக்குன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க. அதனால கிளைவ்.

சுரேந்தர்: இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

நிக்கோல்: நீங்க மட்டும் சொன்னீங்களா? இருங்க... ஆறு வந்துருச்சு.

சுரேந்தர்: இதுதான். இங்கதான். பாருங்க, கட்டை மேல குதிச்சா கட்டையே முழுகுது... போச்சா? நான் சொன்னேன்ல.

நிக்கோல்: இன்னொரு தடவ. அந்தப் பையனும் நானும் இங்கயேதான் மாட்டிக்கிட்டோம். இது எப்படித்தான்... ச்சே!

சுரேந்தர்: முடியாது மேடம். கம்பெனி மிஸ்டேக்.

நிக்கோல்: ஒரே ஒரு லைஃப்தான் இருக்கு...

பாக்கியலட்சுமி: மூணாவது கட்டையில நிக்காதீங்க சிஸ்டர். கீழ அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எகிறுங்க... இப்ப! ம், அவ்வளவுதான்.

நிக்கோல்: தாண்டிட்டேன்! அக்கா, தாண்டிட்டேன்!

சுரேந்தர்: பாக்கியம்.

பாக்கியலட்சுமி: டீ வெச்சிருக்கேன், பொங்கிரும்...

சுரேந்தர்: டீ கெடக்கட்டும். நானே அந்த ஆத்த இன்னும் தாண்டல. உனக்கு எப்படித் தெரியும்?

பாக்கியலட்சுமி: சும்மா... தோணுச்சுங்க.

நிக்கோல்: அக்கா, இப்ப என்ன வரும்? குகையா?

பாக்கியலட்சுமி: குகை இல்லீங்க, கோட்டை. பெரிய கதவுல போகாதீங்க, இடது பக்கம் ஒரு...

சுரேந்தர்: கோட்டையா! அடிப்பாவி. நான் ஃபேக்டரிக்குப் போனதும் நீ உக்காந்துக்கறியா? தெனமுமா?

பாக்கியலட்சுமி: மொதல்ல தூசி தொடைக்கத்தான் எடுத்தேன்.

சுரேந்தர்: இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து ஆடியிருக்கலாம்! மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. விக்கல. தசரா லோடு வந்ததும் மொத ஆளா நானே லைன்ல நின்னு உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தர்றேன். கடை விலைக்கே.

நிக்கோல்: சார், இது நியாயமா? ரெண்டாயிரம்தான வேணும்? தர்றேன். இந்தாங்க...

சுரேந்தர்: காசுக்கு இல்ல மேடம். வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, இல்லையா? எங்க பொண்ணு அஷ்வினி யு.கே.ஜி. படிக்கறா, நாளைக்கு அவளும் கத்துக்குவா...

பாக்கியலட்சுமி: வேணாங்க.

சுரேந்தர்: எது வேணாம்?

பாக்கியலட்சுமி: வெச்சுக்க வேணாம். சிஸ்டர், மேல ஒரு பைசா வேணாம். பெட்டி மேல என்ன போட்டிருக்கோ அதக் குடுத்துட்டு இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க. ஏனுங்க, அந்த ஒயரக் கழட்டிக் குடுங்க.

சுரேந்தர்: என்னடி இது? இவ்வளவு ஆசையா ஆடியிருக்க. நான் பஸ்ஸ விடறேன்னு வித்துருங்கன்னு சொன்னா அர்த்தம் இருக்கு...

பாக்கியலட்சுமி: உங்களுக்காகச் சொல்லல.

சுரேந்தர்: பின்ன?

பாக்கியலட்சுமி: முந்தாநேத்து அஷ்வினிய ஸ்கூல்ல இருந்து கீழ்வீட்டு தேவம்மா கூட்டிட்டு வந்தாங்க...

சுரேந்தர்: ஆமா. உனக்குத் தலைவலி, அனுப்பி வெச்சேன்னு சொன்னே.

பாக்கியலட்சுமி: நான் அனுப்பலீங்க. தலைவலியும் இல்ல. அந்தக் கோட்டைக்குள்ள இருந்தேன், மணியே பாக்கல. ஸ்கூல் விட்டு, கேட்ட சாத்திட்டு வாட்ச்மேனும் போயிட்டாரு. புள்ள பைய மாட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல தனியா நடந்து வந்திருக்கு. மார்க்கெட்டுக்குப் போன தேவம்மா பாத்து, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து கதவத் தட்டினாங்க. "அம்மா"ன்னு அது அழுவறது எனக்கு நல்லா கேட்டுச்சு... உள்ள இருந்து "இரு கண்ணு, ஒரு நிமிஷம், முடிஞ்சிரும்"னு சொல்லிட்டு ஆடிட்டே இருந்தேங்க.